வைஃபை இருக்கிறது, இணையம் எங்கே?

கேள்வி: டேப்லெட்டில் வைஃபை குறி முழுதாகக் காட்டுகிறது. ஆனால் எந்தத் தளமும் திறப்பதில்லை. ஏன்?

பதில்: டேப்லெட்டுக்கும் ரூட்டருக்கும் இடையே அலை பலமாக இருக்கிறது, அந்தக் குறி சொல்வது அவ்வளவுதான். ரூட்டரிலிருந்து வெளியே போகும் பாதை அடைபட்டாலும் குறி முழுதாகவே நிற்கும்.

அதே வைஃபையில் இன்னொரு கருவியை இணைத்துப் பாருங்கள். அதிலும் வராவிட்டால், கோளாறு பெரும்பாலும் ரூட்டரிலோ அதற்கு அப்பாலோதான். ரூட்டரை அணைத்து, 30 வினாடி கழித்துப் போடுங்கள். விளக்குகள் நிலைபெறச் சில நிமிடங்கள் பொறுக்க வேண்டும்.

உங்கள் கருவியில் மட்டும் சிக்கல் என்றால், அமைப்புகளில் வைஃபை பெயரைத் தொட்டு ஐ.பி. முகவரியை, அதாவது வலையமைப்பில் கருவியை அடையாளம் காட்டும் எண்ணை, பாருங்கள். வீட்டு ரூட்டர் தருவது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். 169.254 என்றிருந்தால், ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கருவி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வைஃபையை நீக்கிவிட்டு, கடவுச்சொல் கொடுத்து மறுபடி இணையுங்கள்.

முகவரி சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் டி.என்.எஸ். மீது. தளத்தின் பெயரை ஐ.பி. எண்ணாக மாற்றித் தருவது அதுதான். ஆண்ட்ராய்டு 9 முதல் இதற்கு 'பிரைவேட் டி.என்.எஸ்.' (Private DNS) என்ற தனி அமைப்பு உண்டு. அதில் யாராவது தவறான பெயரை இட்டிருந்தால் எந்தத் தளமும் வராது. 'தானியங்கி' என்று மாற்றுங்கள்.

பலர் பார்க்கத் தவறுவது தேதி. சார்ஜ் தீர்ந்து நெடுநாள் கிடந்த கருவியில் தேதி பின்னுக்குப் போயிருக்கலாம். அப்போது தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும். உலாவி திறக்க மறுக்கும்.

கேள்வி: 100 எம்.பி.பி.எஸ். இணைப்பில் பதிவிறக்கம் வினாடிக்கு 12 எம்.பி.யைத் தாண்டவில்லை. ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை. இணைப்பை மெகாபிட்டிலும் கோப்பை மெகாபைட்டிலும் அளக்கிறார்கள். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. உங்களுக்குக் கிடைப்பது முழு வேகம்தான்.

கேள்வி: ரூட்டரில் 2.4, 5 என இரண்டு பெயர்கள் தெரிகின்றன. எதில் இணைவது?

பதில்: அவை கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள். 5-க்கும் 5ஜி செல்போன் சேவைக்கும் சம்பந்தமில்லை. ரூட்டர் இருக்கும் அறையிலேயே இருந்தால் 5; வேகம் அதிகம். இரண்டு சுவர் தள்ளிப் போனால் 2.4, சுவரைக் கடப்பதில் அதுவே மேல். ஆனால் புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில் இயங்குவதால் இடையூறு வரும். பழைய டேப்லெட் பலவற்றில் 5 இல்லை. பட்டியலில் அந்தப் பெயரே தெரியாது.

கேள்வி: ஹாட்ஸ்பாட் போட்டால் செல்போன் சூடாகி, சார்ஜ் இறங்குகிறது. வழி உண்டா?

பதில்: மடிக்கணினிக்கு என்றால் யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து 'யு.எஸ்.பி. டெதரிங்' போடுங்கள். வைஃபை அலை பரப்பும் வேலை குறையும், போனும் சார்ஜ் ஆகும். சார்ஜுக்கு மட்டுமேயான கேபிளில் இது நடக்காது. டேட்டாவும் கடத்தும் கேபிள் வேண்டும்.