"பாட்டி எப்ப வருவாங்க?": பிள்ளைகளிடம் சாவைப் பற்றிப் பேச, கேள்வி பதில்

கேள்வி (குன்னூர்): மாமியார் தவறி ஒரு மாதம் ஆகிறது. நாலு வயதுப் பையனிடம் "பாட்டி மேட்டுப்பாளையம் போயிருக்காங்க" என்று சொல்லி வைத்திருக்கிறோம். ரயில் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறான். இனி எப்படி மாற்றிச் சொல்வது?

பதில்: இன்றைக்கே சொல்லிவிடுங்கள். "பாட்டி ஊருக்குப் போகலை கண்ணு, செத்துப்போயிட்டாங்க. அவங்க உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு. இனி மூச்சு விட மாட்டாங்க, பசிக்காது, வலிக்காது. திரும்பி வர மாட்டாங்க." இவ்வளவு போதும். ஐந்து வயதுக்குள் பல பிள்ளைகளுக்குச் சாவு என்றால் எங்கோ போயிருப்பதுதான். ஹங்கேரிப் பிள்ளைகளிடம் பேசி உளவியலாளர் மரியா நாஜ் 1948-இல் எழுதியதும் இதையே. அதனால் மறுநாளே "பாட்டி எப்ப வருவாங்க?" என்பான். சலிக்காமல் அதே பதிலைச் சொல்லுங்கள்.

"தூங்குறாங்க" மட்டும் வேண்டாம், அப்புறம் ராத்திரி படுக்கவே பயப்படுவான். "காய்ச்சல்ல போயிட்டாங்க" என்றும் நிறுத்தாதீர்கள். நம் குளிருக்குச் சளிக்காய்ச்சல் வராத பிள்ளை ஏது? "நமக்கு வர்ற காய்ச்சல் இல்லை, ரொம்பப் பெரிய நோய்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். சாமியிடம் போனதாக நம்பினால் அதையும் சொல்லலாம், ஆனால் உடம்பு நின்றுபோனதைச் சொன்ன பிறகு.

கேள்வி (கூடலூர்): எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். நாயைச் சிறுத்தை தூக்கிவிட்டது. "நான் போன்னு திட்டினதாலதான்" என்று ஆறு வயது மகள் அழுகிறாள்.

பதில்: இந்த வயதில், தான் நினைத்தாலே நடந்துவிடும் என்று நம்புவார்கள். "சீ, அழாதே" என்று அடக்காமல் முழுக்கச் சொல்ல விடுங்கள். பிறகு, "நீ திட்டினது சிறுத்தைக்குத் தெரியாது. அதுக்குப் பசி. உன்னால நடக்கலை." வாய் திறக்காத பிள்ளையிடமும் இதைச் சொல்லிவிடுவது நல்லது. அடுத்த வாரமே புதுக் குட்டி வேண்டாம்.

கேள்வி (கோத்தகிரி): எங்கள் ஹட்டியில் (படுகர் ஊரில்) தாத்தா இறந்துவிட்டார். ஏழு வயதுப் பையனைச் சாவு வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா?

பதில்: அவனையே கேளுங்கள். வருகிறேன் என்றால், என்ன பார்ப்பான் என்று முன்பே சொல்லுங்கள்: தாத்தா அசையாமல் இருப்பார், தொட்டால் சில்லென்றிருக்கும், பெரியவர்கள் சத்தமாக அழுவார்கள். "வீட்டுக்குப் போலாம்" என்றதும் கூட்டிவர ஓர் ஆள் வேண்டும். அது நீங்களாக இருக்க வேண்டாம். அன்று நீங்களும் அழ வேண்டும். தொட்டுக் கும்பிடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

கேள்வி (ஊட்டி): "நீயும் செத்துடுவியாம்மா?" என்கிறாள் மகள்.

பதில்: "மாட்டேன்" என்று மழுப்பாதீர்கள். "எல்லாரும் ஒருநாள் சாவோம். நான் ரொம்ப நாள் இருப்பேன்னுதான் நினைக்கிறேன். எனக்கு ஏதாவது ஆனா சித்தி பார்த்துக்குவா." ஆளைச் சொல்லிவிடுங்கள், அவள் பெரும்பாலும் கேட்பது தனக்கு யார் சோறு போடுவார்கள் என்றுதான். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.