கல் நட்ட பிறகு கருத்துக் கேட்பா?

நெடுஞ்சாலைகள், நில எடுப்பு, சுற்றுச்சூழல் அனுமதி என்று கடிதங்கள் குவிந்துவிட்டதால் இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துவிட்டேன்.

சென்னை–சேலம் எட்டு வழிச்சாலைக்காக 2018-இல் எங்கள் தோப்புக்குள் கல் நட்டார்கள். உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. சுற்றுச்சூழல் அனுமதி வாங்காமல் நிலம் எடுக்கலாமா, கூடாதா? ஒரே வரியில் சொல்லுங்கள்.
- வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

ஒரே வரியில்: நிலம் எடுக்கும் வேலையைத் தொடங்கலாம், சாலை போடும் வேலையைத் தொடங்கக் கூடாது. இதோடு நிறுத்தினால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

மத்திய அரசின் பாரத்மாலா நெடுஞ்சாலைத் திட்டத்தில் வந்த சாலை அது. சுமார் 277 கிலோமீட்டர். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் என ஐந்து மாவட்டங்கள். மதிப்பீடு ஏறத்தாழ 10,000 கோடி ரூபாய். 2019 ஏப்ரல் 8-ஆம் தேதி நீதிபதிகள் டி.எஸ்.சிவஞானம், பவானி சுப்பராயன் அமர்வு நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. காடு, நீர்நிலை, விளைநிலம் வழியாகப் போகிற திட்டத்துக்கு முதலில் அனுமதி வாங்குங்கள், நிலம் அப்புறம் என்பதுதான் சாரம். எடுப்பே முடியாத நிலையில் வருவாய்ப் பதிவேடுகளில் செய்திருந்த மாற்றங்களையும் அந்த அமர்வு ஏற்கவில்லை.

2020 டிசம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம் வரிசையை மாற்றியது. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956-இன் 3ஏ பிரிவில் வருகிற அறிவிக்கை, இந்த நிலத்தை எடுக்க நினைக்கிறோம் என்ற எண்ணத்தைச் சொல்வது மட்டும்தான். பாதை இன்னதென்று தெரியாமல் எதை வைத்துத் தாக்கத்தை ஆராய்வது. ஆகவே அந்தக் கட்டத்துக்கு முன் அனுமதி தேவையில்லை, ஆனால் களத்தில் வேலை தொடங்குமுன் கட்டாயம் வாங்க வேண்டும் என்றது. பதிவேட்டை அவசரப்பட்டு மாற்றியது தவறு என்பதை மட்டும் அப்படியே விட்டுவிட்டது.

காகிதத்தில் இது சரியாகத்தான் இருக்கிறது. ஊரில் என்ன ஆகிறது? கல் நட்ட அன்றே அந்த சர்வே நம்பருக்கு விலை போய்விடுகிறது, வாங்க ஆள் வருவதில்லை, கடன் கேட்டால் வங்கி யோசிக்கிறது, புது போர்வெல் போடலாமா வேண்டாமா என்று வீட்டில் சண்டை. அதற்கப்புறம் வருகிற ஆய்வு ‘இந்தச் சாலை தேவையா, வேறு பாதை உண்டா’ என்று கேட்கிற ஆய்வாக இருக்க முடியாது. ‘இதே கோட்டில் எப்படிப் போடலாம்’ என்ற ஆய்வாகச் சுருங்கிவிடும். எனக்கு இந்த ஏற்பாட்டில் உள்ள பெரிய புகார் இதுதான், கீழே வருகிற பதில்களிலும் இது தலைகாட்டும்.

உங்கள் கையில் இருப்பது அதே நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3சி பிரிவு. 3ஏ அறிவிக்கை வெளியான நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபனை கொடுக்கலாம். நில எடுப்பு அதிகாரி உங்களையோ உங்கள் வக்கீலையோ நேரில் கேட்டுத்தான் உத்தரவு போட வேண்டும். ‘என் நிலத்தை எடுக்காதே’ என்று மட்டும் எழுதாதீர்கள். கிணறு எங்கே, வாய்க்கால் எங்கே, சாலை வந்தால் நிலத்தின் அந்தப் பக்கத்துக்கு எந்த வழியாகப் போவீர்கள் என்றெல்லாம் எழுதி, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து 3டி அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் மத்திய அரசின் பேரில் போய்விடும், மிச்சம் இருப்பது இழப்பீட்டுச் சண்டைதான். அந்த 3டி ஓராண்டுக்குள் வராவிட்டால் 3ஏ காலாவதி (நீதிமன்றத் தடை இருந்த காலம் கணக்கில் சேராது).

2013 நில எடுப்புச் சட்டத்தின் சமூகத் தாக்க மதிப்பீடு எங்கே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தேசிய நெடுஞ்சாலைக்கு அது கிடையாது. அந்தச் சட்டத்தின் இழப்பீட்டுக் கணக்கு மட்டும் 2015 ஜனவரி 1 முதல் பொருந்தும்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஊரே எழுந்து வேண்டாம் என்றால் திட்டம் நின்றுவிடுமா?
- வாசகி, தர்மபுரி

நிற்காது. அங்கே ஓட்டெடுப்பு இல்லை; குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்றும் இல்லை. நான்கு பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாகத்தான் கணக்கு.

ஆனால் அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன் வருகிற இந்தக் கூட்டத்தை நடத்துவது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்; தலைமை வகிப்பது ஆட்சியர் அல்லது கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர். 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும், கூட்டம் முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். எழுப்பப்பட்ட ஒவ்வொரு ஆட்சேபனைக்கும் திட்டக்காரர் இறுதி அறிக்கையில் பதில் சொல்ல வேண்டும். பின்னால் வழக்கு என்று போனால் ‘இந்தக் கேள்வி கேட்கப்பட்டது, பதில் இல்லை’ என்று காட்ட முடிவதுதான் பலம், கோஷத்தை யாரும் படிவத்தில் எழுத மாட்டார்கள். வர முடியாதவர்கள் எழுதியும் அனுப்பலாம்.

எங்கள் சாலையை நான்கு வழியாக அகலப்படுத்துகிறார்கள். மரமெல்லாம் போய்விட்டது. கூட்டமும் இல்லை, அறிக்கையும் இல்லை. இது சட்டமா?
- வாசகர், புதுக்கோட்டை

பெரும்பாலும் சட்டம்தான், வருத்தமாக இருக்கும். 2006 செப்டம்பர் 14-ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி புதிய தேசிய நெடுஞ்சாலை என்றால் அனுமதி கட்டாயம். இருக்கிற சாலையை அகலப்படுத்துவதென்றால், 2013-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, நீளம் 100 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டும், பழைய பாதையில் கூடுதலாக எடுக்கும் அகலம் 40 மீட்டரையும் புறவழிச்சாலை மாதிரி இடங்களில் 60 மீட்டரையும் தாண்ட வேண்டும். அதற்கு முன் 30 கிலோமீட்டர், 20 மீட்டர் என்று இருந்தது. எத்தனை சாலைகள் இந்தச் சல்லடையில் தப்பிவிடும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இந்த 100-ஐ வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்பதற்கு உத்தராகண்ட் சார்தாம் சாலைதான் பாடப்புத்தகம். ஏறத்தாழ 900 கிலோமீட்டர் மலைச்சாலை, 53 தனித்தனித் திட்டங்களாக வெட்டப்பட்டது. ஒவ்வொரு துண்டும் 100-க்குள் அடங்கியதால் மொத்தத்துக்கும் தாக்க மதிப்பீடு நடக்கவில்லை. நிலச்சரிவுக்குப் பேர்போன இமயமலைச் சரிவில்! வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், ரவி சோப்ரா தலைமையில் உயர்நிலைக் குழு போட்டு, அகலம் எவ்வளவு என்பதில் அந்தக் குழுவே இரண்டாகப் பிரிந்து, கடைசியில் 2021 டிசம்பரில் ராணுவத் தேவையைக் காரணம் காட்டி அகலச் சாலைக்கே நீதிமன்றம் இசைந்தது. அடுத்த ஆண்டே, எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் வரும் பாதுகாப்பு முக்கியத்துவமுள்ள நெடுஞ்சாலைகளுக்கு அனுமதியே வேண்டாம் என்று விதி வந்துவிட்டது.

உங்கள் சாலைக்கு வருவோம். தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி போடுங்கள்: திட்டத்தின் மொத்த நீளம் எவ்வளவு, எத்தனை பகுதியாக டெண்டர் விட்டார்கள், கூடுதலாக எடுத்த அகலம் எவ்வளவு. கணக்கு உதைத்தால் அங்கிருந்து பேசலாம்.

சாலைக்கு கிராவல் வேண்டும் என்று எங்கள் ஏரியைத் தோண்டுகிறார்கள். கேட்டால் ‘நெடுஞ்சாலை வேலைக்கு விலக்கு இருக்கிறது’ என்கிறார் ஒப்பந்ததாரர்.
- வாசகர், அரக்கோணம்

இருந்தது. 2020 மார்ச் 28-ஆம் தேதி, ஊரடங்கு தொடங்கிய அதே வாரத்தில், சாலை போன்ற நீள்வடிவத் திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுக்கச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டாம் என்று அறிவித்தார்கள். எவ்வளவு மண், எங்கிருந்து என்று எந்த வரம்பும் இல்லை. பொதுமக்கள் கருத்தும் கேட்கவில்லை. 2024 மார்ச் 21-இல் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை அடித்துவிட்டது. 2025 மார்ச்சில் அளவு வரம்போடு வேறொரு விலக்கு வந்தது. ஆகவே அந்தப் பழைய காகிதத்தைக் காட்டினால் எந்தத் தேதியிட்ட உத்தரவு என்று கேளுங்கள். அதன் பிறகு வேறு அனுமதி வாங்கியிருந்தால் அதன் நகலையும், எத்தனை அடி ஆழம், எத்தனை கன மீட்டர் என்ற நிபந்தனையையும் கனிமவளத் துறையில் கேட்டு வாங்குங்கள்.

அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம், எல்லாம் இங்கிலீஷ். எதைப் படிப்பது?
- கல்லூரி மாணவி, சேலம்

முழுவதும் படிக்க வேண்டாம். தயாரிக்கும் ஆலோசனை நிறுவனத்துக்குப் பணம் கொடுப்பது திட்டக்காரரே என்பதை மனதில் வைத்துக்கொண்டு மூன்று இடத்தைத் திறங்கள். முதலில் மாற்றுப் பாதைகள் பற்றிய அத்தியாயம்: உண்மையிலேயே வேறு பாதையை ஆராய்ந்திருக்கிறார்களா, அல்லது ஜெயிக்கப்போகிற பாதைக்குத் துணையாக இரண்டு டம்மி வேட்பாளர்களா? அடுத்து களத் தரவு எடுத்த மாதங்கள். மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்துத் தரவு போதும் என்பது வழக்கமாகிவிட்டது, ஆனால் நம் ஊரில் ஏரிக்கு நீர் வருவதும் வடகிழக்குப் பருவமழையில்தான், சாலை மேடு அந்த வரத்தை அடைப்பதும் அப்போதுதான். ஏப்ரலில் வந்து பார்த்தவருக்கு ஓடை ஒரு பள்ளமாகத் தெரியும். அதனால் மூன்றாவதாகச் சிறுபாலப் பட்டியல்: உங்கள் ஊர் ஓடை, வாய்க்கால் ஒவ்வொன்றும் அதில் இருக்கிறதா என்று கிராம வரைபடத்தோடு ஒத்துப் பாருங்கள். விட்டுப்போனதைக் கருத்துக் கேட்பில் சொன்னால் யாராலும் மறுக்க முடியாது. அறிக்கைகள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் கிடைக்கும்.

உங்களைப் போன்றவர்கள் சொல்வதைக் கேட்டால் நாட்டில் ஒரு சாலை வராது. சாலையே வேண்டாமா?
- வாசகர், சென்னை

வேண்டும். நானும் அதில்தான் ஊருக்குப் போகிறேன். போடுமுன் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள் என்பதற்கும் போடாதே என்பதற்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

அனுமதி கொடுத்துவிட்டார்கள். இனி என்ன வழி?
- வாசகர், காஞ்சிபுரம்

தேசிய பசுமைத் தீர்ப்பாயம், நமக்குச் சென்னையிலேயே தென்மண்டல அமர்வு இருக்கிறது. மேல்முறையீட்டுக்கு 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அதற்கு மேல் எவ்வளவு நியாயம் இருந்தாலும் கதவு மூடிவிடும். அமைச்சகத்தின் இணையதளத்தில் ஏறியதோ, பத்திரிகையில் விளம்பரமாக வந்ததோ, எது முந்தியதோ அன்றிலிருந்தே நாள் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், பஞ்சாயத்துக்குத் தபால் வரும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் அனுமதி தேதி இல்லை. அதை இன்றே பார்த்து, மாவட்ட இலவசச் சட்ட உதவி மையத்திலாவது ஒரு வக்கீலைப் பிடியுங்கள்.