பேட்டரி நிலையம் ஊருக்கு வருகிறதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

100 மெகாவாட், 400 மெகாவாட்-மணி என்கிறார்கள். எந்த எண்ணைப் பார்ப்பது?

இரண்டாவதை. முதல் எண், ஒரே நேரத்தில் எவ்வளவு மின்சாரம் தர முடியும் என்பது. இரண்டாவது, நிலையம் சேமித்துவைக்கும் மின்சாரத்தின் மொத்த இருப்பு. இருப்பைப் பொறுத்தே பேட்டரிப் பெட்டிகளின் எண்ணிக்கை. இப்போது வரும் 20 அடி கன்டெய்னர் ஒன்றில் சுமார் 5 மெகாவாட்-மணி அடங்கும். ஆக, 80 பெட்டிகள். ஒவ்வொன்றும் 40 டன் அளவில் இருக்கும். வரும் வழியிலுள்ள பாலங்கள் தாங்குமா என்று முதலிலேயே கேளுங்கள்.

தீப்பிடித்தால் அணைக்கவே முடியாதாமே?

எரியும் பெட்டியை அணைப்பது கடினம்தான். தண்ணீர் உள்ளிருக்கும் செல்களை, அதாவது பேட்டரியின் சிறு அலகுகளை, எட்டாது. ஒரு செல்லின் சூடே அடுத்ததைக் கிளப்பிவிடும். எரிவதை எரியவிட்டு, பக்கத்துப் பெட்டிகளைத் தண்ணீர் அடித்துக் குளிர்விப்பதே நடைமுறை. அதற்கு இடைவெளி வேண்டும். 2021 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் ஜீலாங் அருகே ஒரு பேட்டரி நிலையத்தில் குளிரூட்டும் திரவம் கசிந்து தீப்பிடித்தபோது, வெட்டவெளியில் இருந்ததால் இரண்டு பெட்டிகளோடு நின்றது. 2025 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் பேட்டரிகளை ஒரே கட்டடத்துக்குள் அடுக்கியிருந்தார்கள்; பாதிக்கு மேல் சேதம், ஆயிரம் பேருக்கு மேல் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. கட்டடத்துக்குள் வைக்கும் திட்டமென்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தீயைவிட மோசமானது, சூடேறிய செல்களிலிருந்து வெளிவந்து, பற்றாமல் உள்ளே தேங்கும் வாயு. 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு பேட்டரி நிலையத்தின் கதவைத் திறந்த சற்று நேரத்தில் வெடித்து, தீயணைப்பு வீரர்கள் படுகாயமடைந்தார்கள். வாயு உணரி, வெளியேற்று விசிறி, வெடிப்பின் அழுத்தத்தை மேல்நோக்கி விடும் கூரைத் தகடு ஆகியவை உண்டா என்று பாருங்கள். நிலையம் டிரிப் ஆன பிறகு அந்த விசிறிக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்? இதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி என்றால் பயமில்லையா?

எளிதில் கட்டுக்கடங்காமல் சூடேறாது, அது உண்மை. ஆனால் அப்படிச் சூடேறினால் அதன் வாயுவிலும் எளிதில் பற்றும் ஹைட்ரஜன் உண்டு. யூஎல் 9540ஏ சோதனையின் முழு அறிக்கையைக் கேளுங்கள். தீ எவ்வளவு தூரம் பரவியது என்று அளக்கும் சோதனை அது. தேர்ச்சி, தோல்வி என்று எதுவும் அதில் கிடையாது. விளம்பரத்தாளில் "9540ஏ தேர்ச்சி" என்றிருந்தால், எழுதியவருக்கே விஷயம் தெரியவில்லை.

கதிர்வீச்சு?

இன்வெர்ட்டர், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் காந்தப்புலம் இருக்கும். தள்ளிப்போகப் போக வேகமாகக் குறைந்துவிடும். திட்டம் பற்றிய ஊர்க் கூட்டத்தில் இதற்கு நேரம் செலவிட வேண்டாம். சத்தத்துக்குச் செலவிடுங்கள்.

சத்தம் எவ்வளவு வரும்?

விசிறிகள்தான் முக்கியக் காரணம். வேலியோரத்தில் எடுத்த சராசரிக் கணக்கை ஏற்காதீர்கள். எல்லா விசிறிகளும் முழு வேகத்தில் ஓடும்போது, நள்ளிரவில், மிக அருகிலுள்ள வீட்டுச் சுவரில் எத்தனை டெசிபெல் என்பதே கணக்கு. டிரான்ஸ்ஃபார்மரின் தாழ்ந்த ரீங்காரத்தைத் தடுப்புச் சுவர் அதிகம் குறைக்காது.

ஒப்பந்தத்தில் எது விட்டுப்போகும்?

இரண்டு. ஒன்று, கடைசியில் நிலையத்தை அகற்றும் செலவுக்கான வங்கி உத்தரவாதம். வேலை தொடங்கும் முன்பே வாங்க வேண்டும், நிறுவனம் கைமாறினாலும் அது செல்லுபடியாக வேண்டும். இரண்டு, வரைபடத்தில் காலியாக விட்டிருக்கும் கான்கிரீட் மேடைகள். பேட்டரியின் கொள்ளளவு ஆண்டுக்காண்டு குறையும். ஈடுகட்டப் பின்னாளில் அங்கே புதுப் பெட்டிகள் வரும். தீ, சத்தம் இரண்டுக்குமான ஆய்வில் அவற்றையும் சேர்க்கச் சொல்லுங்கள்.