நீர், நிலம் திட்டமிடும் அரசு வேலைக்கு எதைப் படிப்பது? ராயக்கோட்டையிலிருந்து கேட்ட ஒரு அப்பாவுக்கு

அண்ணா, அந்தக் கல்லூரியில் கேட்கும் முன்பணத்தை இந்த வாரம் கட்டாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம், இது முதலில்.

நீங்கள் எழுதியதை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, பிளஸ் டூவில் கணிதம் உயிரியல் குரூப், தமிழ் வழி. வீட்டில் மாந்தோப்பும் கொஞ்சம் தக்காளியும். போர்வெல் வற்றியதைப் பார்த்து வளர்ந்த பெண், ஏரிக்கும் நிலத்துக்கும் திட்டம் போடும் அரசு வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். உங்கள் மைத்துனர் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு, இல்லாவிட்டால் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போ என்கிறார். நடுவில் ஒரு தனியார் கல்லூரி 'நீர்வள மேலாண்மை' என்று பெயர் வைத்த பட்டத்தைக் காட்டி, முடித்தால் கவர்மெண்ட் வேலை நிச்சயம் என்று சொல்லியிருக்கிறது. அப்படி ஒரு வேலை உண்மையிலேயே இருக்கிறதா என்பது உங்கள் கேள்வி.

இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் ஒரு துறையும் இல்லை, ஒரு பதவியும் இல்லை. குழப்பம் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். மலைமேல் பெய்த மழை காட்டுக்குள் இருக்கும்வரை வனத்துறை. சரிவில் இறங்கிக் கொல்லைக்கு வந்ததும் வரப்பு போடுவது, பண்ணைக்குட்டை வெட்டுவது, தடுப்பணை கட்டுவது எல்லாம் வேளாண் பொறியியல் துறையும் நீர்வடிப்பகுதி (மழைநீர் வடிந்து ஒரே ஓடையில் சேரும் நிலப்பரப்பு) மேம்பாட்டு முகமையும். அதே தண்ணீர் ஏரிக்கு வந்துவிட்டால் ஏரியின் ஆயக்கட்டை, அதாவது அது பாசனம் தரும் நிலப்பரப்பைப் பார்க்க வேண்டும்: 40 ஹெக்டேர், அதாவது 100 ஏக்கர் அல்லது அதற்கு மேல் பாசனம் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். பூமிக்குள் இறங்கிவிட்டால் அதைக் கணக்கெடுப்பது சென்னை தரமணியில் இருக்கும் மாநில நிலத்தடி, மேற்பரப்பு நீர்வள ஆதார விவர மையமும் மத்திய நிலத்தடி நீர் வாரியமும். குழாயில் குடிநீராக வந்தால் குடிநீர் வடிகால் வாரியம். நிலம் யாருடையது, என்ன வகை என்பது வருவாய்த் துறை. ஒரு மழைக்கு இத்தனை ஆபீஸ். ஊராட்சி, நகராட்சிகளின் திட்டங்களை ஒன்றாக்கி, தண்ணீர்ப் பகிர்வையும் சேர்த்துப் பார்க்க மாவட்டத் திட்டக் குழு என்று ஒன்று அரசியல் சட்டத்தின் 243-ZD பிரிவிலேயே இருக்கிறது. படிக்க நன்றாக இருக்கும், ஆனால் அதற்கென்று தனியாக ஆள் எடுக்கும் தேர்வு கிடையாது, அதை நம்பிப் படிப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது.

அதனால் பட்டத்தின் பெயரைப் பார்த்து வேலையைத் தேடக்கூடாது. வேலைக்கான அறிவிக்கையை முதலில் எடுத்து, அதில் கல்வித் தகுதி என்ற பகுதியில் எந்தப் பட்டத்தின் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிஎன்பிஎஸ்சி இணையதளத்தில் பழைய அறிவிக்கைகள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. மகளையே உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள், ஒரு சாயங்காலம் போதும். என்னிடம் வந்த ஒரு பையன் கேட்க நன்றாக இருக்கும் ஒரு பட்டத்தை நாலு வருடம் படித்து நல்ல மார்க்கோடு முடித்தான், விண்ணப்பிக்கும்போதுதான் அந்தப் பெயர் பட்டியலிலேயே இல்லை என்று தெரிந்தது. அப்புறம் இணையான பட்டம் என்று அரசாணை வாங்க அலைச்சல். கல்லூரிக்காரர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: உங்கள் பட்டம் சிவில் இன்ஜினியரிங்குக்கு இணை என்று அரசாணை இருக்கிறதா, இருந்தால் நகல் கொடுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

சரி, எதைப் படிப்பது? என் கணக்கில் மூன்று வழி, மூன்றும் சமமானவை இல்லை.

முதலாவது சிவில். நீர்வளத் துறையில் உதவிப் பொறியாளர் வேலைக்கு இதுதான் வாசல். தமிழ்நாட்டில் 2021-இல் பொதுப்பணித் துறையிலிருந்து பிரித்து இதைத் தனித் துறை ஆக்கினார்கள். அணை, ஏரி, கால்வாய், வெள்ளம் எல்லாம் இவர்கள் கையில். தொடக்கச் சம்பளம் அடிப்படையாக 37,700, அதற்கு மேல் படிகள். கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டங்களுக்கும் இந்த வேலை எவ்வளவு தேவை என்று சொல்ல வேண்டியதில்லை. 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையின் ஷட்டர் ஒன்று உடைந்து தண்ணீர் வீணாகப் போனதும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டி ஏரித் தண்ணீர் வேன்களை இழுத்துக்கொண்டு போனதும் உங்களுக்குத் தெரியும். தண்ணீர் இல்லை என்று அழுகிற அதே ஊரில் தண்ணீர் ஊருக்குள் புகுகிறது. எந்த ஏரி எவ்வளவு தாங்கும், உபரி எந்த வழியாகப் போக வேண்டும் என்று கணக்குப் போடுவதுதான் பாப்பா ஆசைப்படும் திட்டமிடல். எண்ணேகொள்புதூர் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணை உபரியை ஏரிகளுக்குக் கொண்டுபோகும் கால்வாய், அலியாளத்திலிருந்து தூள்செட்டி ஏரிக்கு, ஜெர்தலாவ் கால்வாயிலிருந்து புலிகரை ஏரிக்கு என்று நம் பக்கம் பேசப்படும் திட்டங்கள் எல்லாம் இந்த வகைதான். கால்வாய் வெட்டுவதைவிட அதற்கு நிலம் எடுப்பதுதான் பெரிய வேலை என்பதை எந்த விவசாயியும் சொல்வார். பொறியாளர் வேலையில் பாதி நேரம் அப்படிப் பேச்சுவார்த்தையிலும் கோப்பிலும் போகும். அதையும் மகளுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள்.

சிவிலுக்கு இன்னொரு வசதி, மத்திய அரசுத் தேர்வும் திறக்கிறது. தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருந்தாலும், மாநிலம் தாண்டும் ஆறுகளில் மத்திய அரசுக்கும் அதிகாரம் உண்டு. நம் தென்பெண்ணையே நந்தி மலையில் பிறந்து கர்நாடகம் வழியாகத்தான் ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மத்திய நீர் ஆணையத்துக்கு யுபிஎஸ்சி நடத்தும் பொறியியல் பணித் தேர்வில் ஆள் எடுக்கிறார்கள், அடிப்படைச் சம்பளம் 56,100. டிப்ளமோ முடித்தவர்களுக்கும் எஸ்எஸ்சி ஜூனியர் இன்ஜினியர் தேர்வு உண்டு. அரசு வேலை தாமதமானாலும் சிவில் படித்தவள் ஓசூரிலோ பெங்களூரிலோ சும்மா இருக்க மாட்டாள். இந்த ஒரு காரணத்துக்காகவே இதை முதலில் வைக்கிறேன்.

இரண்டாவது வேளாண் பொறியியல். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் கோவையிலும் திருச்சி குமுளூரிலும் பி.டெக் இருக்கிறது, அதற்குத் தனி விண்ணப்பம், பொறியியல் கலந்தாய்வோடு சேராது. எனவே இரண்டுக்கும் போட்டு வையுங்கள். மண், நீர் பாதுகாப்பு என்பது இந்தப் படிப்பில் ஒரு முழுப் பிரிவு. நீர்வடிப்பகுதித் திட்டம் எப்படி நடக்கிறது தெரியுமா? சுமார் 1,000 முதல் 5,000 ஹெக்டேர் வரை ஒரு பரப்பை எடுத்து, மேட்டிலிருந்து தொடங்கிப் பள்ளம் நோக்கி வருவார்கள். மேலே சம உயர வரப்பு, அகழி, நடுவில் கல் தடுப்பு, கீழே தடுப்பணை, கசிவுநீர்க் குட்டை. மேலே எதுவும் செய்யாமல் கீழே மட்டும் தடுப்பணை கட்டினால் சீக்கிரமே மண் நிரம்பிவிடும், அப்படி நிரம்பிக் கிடப்பதை நம் ஊரிலேயே பார்க்கலாம். மத்திய அரசு 2021-இல் ஒப்புதல் தந்த திட்டத்தில் சமவெளிக்கு ஹெக்டேருக்கு 22,000 ரூபாய், கடினமான நிலத்துக்கு 28,000 என்று வரையறை. அந்தப் பணத்துக்குள் எந்தச் சரிவில் எதைக் கட்டுவது என்று முடிவு செய்ய மண்ணும் பயிரும் தெரிந்த ஆள் வேண்டும். உங்கள் மகள் தோப்பில் வளர்ந்தவள், உண்மையாகச் சொன்னால் இந்தப் படிப்பு அவளுக்கு சிவிலைவிடப் பொருந்தும். பணியிடங்கள் குறைவு என்பதுதான் தயக்கம். கோவையில் இடம் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். வேறு எங்கோ பணம் கட்டித்தான் இந்தப் பிரிவு கிடைக்கிறது என்றால் வேண்டாம், அரசுக் கல்லூரி சிவிலுக்குப் போங்கள்.

மூன்றாவது புவியியல் அல்ல, நிலவியல், அதாவது ஜியாலஜி. இது நீண்ட வழி. பி.எஸ்சி மட்டும் போதாது, எம்.எஸ்சி வேண்டும். சேலம் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி இருக்கிறது, செலவு மிகக் குறைவு. முடித்தபின் யுபிஎஸ்சியின் புவி விஞ்ஞானி தேர்வு எழுதினால் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தில் நீர்நிலவியல் விஞ்ஞானி ஆகலாம், அதற்கும் 56,100. நம் மாவட்டங்களுக்கு இந்த ஆட்கள் எவ்வளவு தேவை! கீழே முழுக்கக் கடினப் பாறை. மேல்பக்கம் சிதைந்த பாறையிலும் ஆழத்தில் இருக்கும் விரிசல்களிலும்தான் தண்ணீர். விரிசல் சிக்கினால் உண்டு, சிக்காவிட்டால் ஆயிரம் அடி போட்டும் புழுதிதான். நாம் என்னவோ தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பவரை நம்பிப் பாயிண்ட் குறிக்கிறோம், வேளாண் பொறியியல் துறையிலேயே நிலம் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அளந்து இடம் பார்த்துச் சொல்லும் வசதி இருக்கும்போது. அதே பாறையிலிருந்துதான் ஃபுளோரைடும் வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. நம் பக்கக் குழந்தைகளின் பல்லில் கறை ஏறியது அதைத் தாண்டியதால்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு 1,928 கோடிக்கு மேல் செலவில் கட்டப்பட்டு 2013-இல் திறக்கப்பட்டதற்கு அடிப்படைக் காரணமே இந்த ஃபுளோரைடுதான், திட்டத்தின் பெயரிலேயே அது இருக்கிறது.

அரசு நிலத்தடி நீரை பிர்கா (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பகுதி) வாரியாகக் கணக்கெடுக்கிறது. ஒரு வருடத்தில் எடுக்கத்தக்க நீரில் 70 சதவீதம் வரை எடுத்தால் பாதுகாப்பான பகுதி, 90 வரை ஓரளவு ஆபத்து, 100 வரை ஆபத்து, அதற்கு மேல் என்றால் அளவுக்கு மீறி உறிஞ்சியாகிவிட்டது என்று பொருள். உங்கள் பிர்கா எந்த வகையில் வருகிறது என்று மகளைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அட்டவணையைப் படிக்க அவளுக்குச் சலிப்பு வந்தால் இந்தத் துறையைப் பற்றி இன்னொரு முறை யோசிக்கலாம், ஏனென்றால் வேலையில் பாதி அட்டவணைதான்.

பெண் பிள்ளை வெயிலில் அலைய வேண்டுமா என்று கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தீர்கள். ஆமாம், அலைய வேண்டும். ஏரிக்கரையில் நின்று அளவு எடுக்க வேண்டும், மழை இரவில் அணைக்குப் போக வேண்டியும் வரும். இந்தத் துறைகளில் பெண் பொறியாளர்கள் நிறையவே இருக்கிறார்கள். தோப்பில் காய் பறிக்க அவள் வரும்போது இந்தக் கேள்வி உங்களுக்கு வரவில்லை இல்லையா?

மைத்துனரிடம் சண்டை வேண்டாம், அவர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. டிஎன்பிஎஸ்சி பொறியியல் தேர்வு நினைத்த வருடம் வராது, வந்தாலும் இடம் கொஞ்சம், போட்டி அதிகம். படித்து முடித்து இரண்டு மூன்று வருடம் காத்திருக்க வேண்டி வரலாம். அந்த இடைவெளியில் கையில் ஒரு திறமை வேண்டும். கல்லூரி இரண்டாம் வருடத்திலிருந்தே வரைபட மென்பொருள் பழகட்டும். கியூஜிஐஎஸ் இலவசம், இஸ்ரோவின் புவன் தளத்தில் செயற்கைக்கோள் படம் இலவசம், டேராடூனில் இருக்கும் தொலையுணர்வு நிறுவனம் ஆன்லைனில் இலவச வகுப்பு நடத்துகிறது. ஒரு நீர்வடிப்பகுதியைத் திரையில் வரைந்து காட்டத் தெரிந்தால், திட்ட அறிக்கை தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்களிலும், மதுரை தானம் அறக்கட்டளை போல ஏரிகளில் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களிலும் கேட்டுப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் ஆசையும் தீர்ந்த மாதிரி ஆயிற்று.

பணத்துக்கு வருவோம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதால் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருவாள். அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அதற்கு மேல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். இத்தனையும் இருக்கும்போது எதற்கு அண்ணா கடன் வாங்கி முன்பணம்? இன்னொன்று, பலர் கவனிக்காதது: கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 2010-இலிருந்து சிவில் தமிழ் வழியிலும் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை முழுக்கத் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீதம் தனி ஒதுக்கீடு. அவள் இதுவரை தமிழ் வழிதான். அங்கே இடம் கிடைக்கும் கட்ஆஃப் இருந்தால் விட்டுவிடாதீர்கள், ஆங்கிலம் வராமல் போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால் ஆங்கிலத்தைத் தனியாகக் கற்றுக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள்.

கலந்தாய்வில் விருப்ப வரிசை போடும்போது கிண்டி சிவில் தமிழ் வழி, கிண்டி சிவில், சேலம் கருப்பூர் அரசுக் கல்லூரி சிவில், தருமபுரி செட்டிக்கரை அரசுக் கல்லூரி சிவில் என்று போடுங்கள். கிடைக்காது என்று நினைத்து மேலே உள்ளதை விட்டுவிடாதீர்கள், வரிசையில் எத்தனை போட்டாலும் காசு இல்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழ் ஆகியவற்றுக்கு இந்த வாரமே இ-சேவை மையத்தில் எழுதிக் கொடுங்கள். தமிழ் வழியில் படித்ததற்கான சான்றை ஒன்றாம் வகுப்பு படித்த பள்ளியிலிருந்தே வாங்க ஆரம்பியுங்கள், தலைமை ஆசிரியர் மாறிவிட்டால் பதிவேடு தேட நாளாகும். மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்ததும் கட்ஆஃப் கணக்குப் போட்டு எனக்கு எழுதுங்கள், விருப்ப வரிசையை அந்த எண்ணை வைத்துத் திரும்பப் பார்க்கலாம்.