வல்லாரை, நீர்ப்பிரமி, பூனைக்காலி: மறதி பற்றிய கேள்விகளுக்கு மூலிகை மருந்தியல் ஆசிரியர் பதில்

கே: அம்மாவுக்கு அல்சைமர். தினமும் வல்லாரை சாப்பிட்டால் எனக்கு வராதா?

ப: அல்சைமரைத் தடுக்கும் என்று நிரூபணமான மூலிகை இன்றுவரை இல்லை. வல்லாரையைத் துவையலாக அரைத்துச் சாப்பிடுங்கள், நல்ல கீரை. ஆனால் மறதிநோய் ஆபத்தைக் குறைக்க ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வையுங்கள். காது மந்தமானால் தள்ளிப்போடாமல் கருவி மாட்டுங்கள்.

கே: நினைவாற்றலுக்கென்று விற்கும் ஜின்கோ மர இலைச்சாற்று மாத்திரை?

ப: வேண்டாம். 75 வயதைத் தொட்ட, தாண்டிய 3,069 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2008-ல் வெளியானது. ஆறு வருடம் பார்த்தும் மறதிநோய் குறையவில்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்தக்கசிவு ஆபத்து வேறு.

கே: அப்பாவுக்குப் பார்க்கின்சன். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூனைக்காலிப் பொடி கொடுக்கலாமா?

ப: நிறுத்தவே நிறுத்தாதீர்கள். பூனைக்காலி விதையில் லெவோடோபா உண்மையாகவே இருக்கிறது, சுமார் 4 முதல் 6 சதவீதம். அவருடைய மாத்திரையிலும் அநேகமாக அதே மருந்துதான் இருக்கும். மாத்திரையில் அளவு தெரியும்; பொடியில் விதைக்கு விதை மாறும். இரண்டையும் சேர்த்தால் கைகால் தன்னிச்சையாக ஆடும், எழுந்தால் தலை சுற்றும், இல்லாத உருவங்கள் தெரியும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு விறைத்துக் காய்ச்சல் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். பொடி வாங்கியிருந்தால் டப்பாவோடு நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கே: மாமியாருக்கு 70 வயது. வல்லாரை எவ்வளவு கொடுக்கலாம்?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: பிரமியும் வல்லாரையும் ஒன்றுதானே?

ப: இல்லை. வல்லாரை இலை வட்டமாக, காம்பருகே பிளவோடு, ஓரம் பல்பல்லாக இருக்கும். நீர்ப்பிரமி இலை சிறியது, தடித்தது, பருப்புக்கீரை மாதிரி சதைப்பற்றானது.

கே: கடையில் பிரமி கேட்டால் வல்லாரைப் பொடிதான் தருகிறார்கள். வடக்கேயும் அப்படித்தான். பலன் ஒன்றென்றால் சண்டை எதற்கு?

ப: பலன் ஒன்றென்று யார் சொன்னது? தினம் 300 மில்லிகிராம், 12 வாரம் என்று நினைவாற்றலுக்குச் சோதித்தது நீர்ப்பிரமிச் சாற்றை. கிடைத்த பலனும் சிறிது. மறதிநோய் தடுப்பு அல்ல. அதை வல்லாரை டப்பாவில் அச்சடிப்பது ஏமாற்று. உள்ளிருக்கும் வேதிப்பொருளும் வேறு: நீர்ப்பிரமியில் பேகோசைடுகள், வல்லாரையில் ஏசியாடிகோசைடு. பொடியாகிவிட்டால் கண்ணால் பிரிக்க முடியாது. செடியாக வாங்குங்கள்.

கே: எங்கள் வைத்தியர் இரண்டையும் கலந்தே தருகிறார்.

ப: தரட்டும். எது எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வேறு மாத்திரை இருந்தால் நிறுத்தாதீர்கள்.

கே: குழந்தைக்கு வசம்பு?

ப: உள்ளுக்குக் கொடுக்காதீர்கள். மற்றதைக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

கே: எனக்கு 45. பெயர்கள் மறக்கின்றன. எந்த மூலிகை?

ப: முதலில் வைட்டமின் பி12, தைராய்டு பரிசோதனை. குறை இருந்தால் சரிசெய்யக்கூடியது.