கேளுங்கள்… சொல்கிறேன்

கேள்வி: மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் அப்படி என்ன விசேஷம்? (வாசகர், ஈப்போ)

பதில்: அந்த மைய அரங்கம்தான்! 1999இல் திறந்த தடம், நீளம் 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். வடிவமைத்தவர் ஜெர்மானியர் ஹெர்மன் டில்கே. இரண்டு நீள நேர்பாதைகளை அக்கம்பக்கமாக ஓடவிட்டு, நடுவில் இருபுறமும் பார்க்கும்படி அரங்கத்தை வைத்தார். இரண்டையும் இணைப்பது கொண்டை ஊசி வளைவு. முழு வேகத்தில் வரும் கார் அங்கே பிரேக் பிடித்தே ஆகவேண்டும். பின்னால் வருபவர் முந்தப் பார்ப்பதும் அங்கேதான். தடமும் அகலம், ஆளுக்கொரு கோட்டில் போகலாம்.

2009இல் நான் அந்த அரங்கத்தின் கூரைக்குக் கீழே இருந்தேன். ஃபார்முலா 1 கார் பந்தயத்தை மாலை 5 மணிக்கு வைத்தார்கள், ஐரோப்பியத் தொலைக்காட்சி வசதிக்காக. செப்பாங்கில் மாலை மழை தெரியாதா என்ன? கொட்டித் தீர்த்தது, பந்தயத்தை நிறுத்தினார்கள். 56 சுற்றில் 31 மட்டுமே கணக்கு, அதனால் ஓட்டுநர்களுக்கு வழக்கத்தில் பாதிப் புள்ளிகள்தான், வென்றவர் ஜென்சன் பட்டன். பந்தயம் மறுபடி தொடங்குமா என்று நாங்கள் நனைந்த காலணியோடு காத்திருக்க, பந்தய ஓட்டுநர் கிமி ராய்க்கோனன் உள்ளே ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்!

2017க்குப் பிறகு ஃபார்முலா 1 அங்கே இல்லை. மோட்டோ ஜிபி என்ற மோட்டார் சைக்கிள் பந்தயம் வருகிறது. ஈப்போவிலிருந்து காரிலேயே போய்விடலாம். குடை மறக்காதீர்கள்.