வாசகர் கேள்வி: ஃபுரோபிஷர் விரிகுடாவா, இக்காலுயிட்டா?

கேள்வி: வீட்டிலுள்ள 1980ஆம் ஆண்டு அட்லஸில் கனடாவின் பாஃபின் தீவில் ‘ஃபுரோபிஷர் பே’ என்று ஓர் ஊர் இருக்கிறது. மகனின் புதிய அட்லஸில் அதே இடத்தில் ‘இக்காலுயிட்’. பள்ளித் திட்டப்பணிக்கு எதை எழுதுவது? – வாசகர், பிடோக்

பதில்: ஊருக்கு இக்காலுயிட், கடலுக்கு ஃபுரோபிஷர் விரிகுடா என்று எழுதச் சொல்லுங்கள். 1987இல் மாறியது ஊரின் பெயர் மட்டும்தான். நம் சிங்கப்பூரின் தெலுக் ஆயர் வட்டாரம் இதற்கு நேர்மாறு. மலாயில் ‘தெலுக்’ என்றால் விரிகுடா. அங்குள்ள நாகூர் தர்கா கட்டப்பட்டபோது எதிரே கடல் இருந்தது. கடலைத் தூர்த்தாகிவிட்டது, பெயர் தங்கிவிட்டது.

அப்பகுதிப் பழங்குடிகளான இனுயிட் மக்களின் மொழியில் ‘இக்காலுக்’ மீன், ‘இக்காலுயிட்’ மீன்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது ‘க்யூ’வை அடுத்து நேராக ‘ஏ’ வரவேண்டும். கைப்பழக்கத்தில் நடுவே ‘யூ’ சேர்த்தால் அம்மொழியில் அருவருப்பான பொருள் வந்துவிடும். பலரும் செய்யும் பிழை இது.

ஆங்கிலேயக் கடலோடி மார்ட்டின் ஃபுரோபிஷர் 1576இல் இந்த விரிகுடாவில் நுழைந்தபோது வலப்பக்கம் ஆசியா, இடப்பக்கம் அமெரிக்கா, நடுவே சீனாவுக்கு வழிவிடும் நீரிணை என்று நம்பினார். கடைக்கோடிவரை போய்ப் பார்க்கவில்லை. தீர்க்கரேகையைச் சரியாக அளக்க முடியாத காலம். வரைபடக்காரர்கள் அந்த ‘நீரிணை’யைக் கிரீன்லாந்தின் தெற்கில் கொண்டுபோய் வைத்தார்கள். 1861இல் அமெரிக்க ஆய்வுப் பயணி சார்லஸ் ஃபிரான்சிஸ் ஹால் இனுயிட் மக்களோடு படகில் அதன் கடைக்கோடிவரை சென்று, இது அடைபட்ட விரிகுடா என்று உறுதிசெய்தார். ஃபுரோபிஷர் 1577, 1578இல் மீண்டும் வந்து, தங்கம் என்று நம்பி வெறும் கல்லை வெட்டியெடுத்த தீவையும் இனுயிட் மக்களே ஹாலுக்குக் காட்டினார்கள். அங்கே செங்கல் துண்டும் நிலக்கரியும் கிடந்தன. எழுத்தில்லாமல், வாய்மொழியாகவே ஏறத்தாழ 300 ஆண்டுகள் காத்துவந்த செய்தி! மகன் இதை விட்டுவிடக்கூடாது.

விரிகுடா சுமார் 230 கி.மீ. நீளம், உள்ளே போகப் போகக் குறுகும். புனல்போல நீரை நெருக்குவதால் பெரிய ஓதத்தின்போது (கடல்மட்டம் ஏறி இறங்குவது ஓதம்) ஏற்றத்துக்கும் வற்றுக்கும் 10 மீட்டருக்குமேல் வித்தியாசம் வரும், அதாவது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் மூன்று மாடிக்குமேல். சிங்கப்பூரில் ஏறத்தாழ 3 மீட்டர்தான். வற்றில் கரையெங்கும் சேறும் பாறையும் தெரியும். அதனால் ஆழ்கடல் துறைமுகம் வரும்வரை கப்பல்கள் தள்ளி நங்கூரமிட்டு, நீர் ஏறியபின் மிதவைப்படகில் சரக்கைக் கரைக்கு அனுப்பின.

ஊருக்கான புள்ளியை ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே வைத்துவிடாதீர்கள். வட்டம் 66.5 பாகையில், ஊர் 63.7 பாகையில். டிசம்பரிலும் அங்கே சூரியன் நான்கு மணி நேரமாவது தலைகாட்டும்.